உள்தள்ளிய வரிகளும் மடங்கிய விரல்களும்

2014 பிப்ரவரி 21-ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரமாக ஓர் அப்டேட்டை வெளியிட்டது. ஐஓஎஸ் 7.0.6 என்ற அந்தப் பதிப்பு வந்ததே ஒரு பிழையை மூடுவதற்காகத்தான். வங்கியின் தளத்தைத் திறந்தால் பிரவுசரில் ஒரு பூட்டுப் படம் தெரியுமே, அந்தப் பூட்டு நிஜமாகவே பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கென்று போனுக்குள் ஒரு நிரல் இருக்கிறது. அது முழுதாகப் பார்க்காமலேயே 'சரி' என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தது. அதே வைஃபையில் இருக்கும் விஷயம் தெரிந்த ஒருவர் நடுவில் புகுந்து, தானே வங்கி என்று சொல்லிக்கொண்டால் போன் நம்பிவிடும்.

காரணம் இதுதான்: ஒரு வரி இரண்டு முறை இருந்தது. சி மொழியில் அந்த வரி 'கோட்டூ ஃபெயில்'. தோல்விக்கான பகுதிக்குத் தாவு என்று அர்த்தம். அதன் சாரத்தைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

சோதனையில் பிழை இருந்தால்
    வெளியேறு
    வெளியேறு
அடுத்த சோதனையைச் செய்

படிக்கிற யாருக்கும் இரண்டு 'வெளியேறு'களும் ஒரே அளவு உள்ளே தள்ளி நிற்பது தெரியும். இரண்டுமே 'பிழை இருந்தால்' என்ற நிபந்தனையின் கீழ் வருகின்றன என்றுதான் கண் முடிவு செய்யும். நிரலை இயந்திரத்துக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் சி மொழியின் கம்பைலருக்கு அந்தக் கண் கிடையாது. வரியின் தொடக்கத்தில் எத்தனை இடம் விட்டாலும் அது கண்டுகொள்ளாது. நெளி அடைப்புக்குறி போட்டு வளைத்துக் காட்டாதவரை, நிபந்தனைக்கு அடுத்து வரும் ஒரே ஒரு கட்டளைதான் நிபந்தனைக்குச் சொந்தம். ஆகவே அது படித்தது இப்படி:

சோதனையில் பிழை இருந்தால்
    வெளியேறு
வெளியேறு
அடுத்த சோதனையைச் செய்

பிழை இருந்தாலும் வெளியேறு, இல்லாவிட்டாலும் வெளியேறு. எதிர்முனையில் இருப்பவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் கடைசிச் சோதனைக்கு நிரல் போய்ச் சேரவே இல்லை. அந்த நொடிவரை பிழை எதுவும் பதிவாகாததால், 'எல்லாம் சரி' என்ற விடையோடு அது திரும்பிவந்தது.

புரோகிராமர்கள் இடம் விட்டு எழுதுவதைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவதைப் பார்க்கும் வெளியாட்களுக்கு அது வெட்டிச் சண்டையாகத் தோன்றும். ஆனால் நிரலுக்கு எப்போதும் இரண்டு வாசகர்கள் உண்டு: ஒன்று இயந்திரம், இன்னொன்று நாளை அதைத் திறந்து பார்க்கப்போகும் மனிதர். இருவரும் ஒரே பக்கத்தை வேறு வேறு மாதிரி படிக்கிறார்கள். அந்த இரண்டு வாசிப்பும் எங்கே விலகுகிறதோ அங்கேதான் ஆபத்து. புரோகிராமர்களின் பழக்கங்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியை அடைப்பதற்காகப் பிறந்தவை. 2016-இல் வந்த ஜிசிசி கம்பைலரின் 6-ஆம் பதிப்பில் ஒரு புது எச்சரிக்கை சேர்ந்தது. உள்தள்ளல் ஒன்றைச் சொல்ல, நிரல் வேறொன்றைச் செய்தால், அது அந்த வரியைச் சுட்டிக்காட்டும்.

எத்தனை இடம் உள்ளே தள்ள வேண்டும்? இதை வெறும் ரசனை என்று விட்டுவிடாமல் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் மேரிலாண்டு பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் உள்ளிட்ட நால்வர் ஒரே பாஸ்கல் நிரலைப் பல அளவில் உள்தள்ளி எழுதிக் கொடுத்து, படித்தவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று அளந்தார்கள். 1983-இல் வெளியான முடிவு: இரண்டிலிருந்து நான்கு இடம்வரை விட்டால் நன்றாகப் புரிகிறது. ஆறு இடம் விட்டபோது புரிதல் குறைந்தது. வரிகள் வலப்பக்கமாகச் சரிந்துகொண்டே போனால் கண்ணுக்கு அடுத்த வரியைப் பிடிப்பது சிரமம்.

இடத்தை அலங்காரமாக விடாமல் இலக்கணமாகவே ஆக்கிவிட்டால் என்ன என்று கேட்டவர் பிரிட்டனின் பீட்டர் லாண்டின். 1966-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒரு பகுதி எங்கே தொடங்குகிறதோ அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் எழுத்து வந்தால் அந்தப் பகுதி முடிந்தது என்று விதி வகுத்தார். கால்பந்து ஆட்டத்திலிருந்து எடுத்து அதற்கு 'ஆஃப்சைடு விதி' என்று பெயர் வைத்தார். ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் உருவான ஏபிசி மொழியும் உள்தள்ளலையே இலக்கணமாக எடுத்துக்கொண்டது. அங்கே ஏபிசி குழுவில் வேலை பார்த்த கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட மொழிதான் பைத்தான்.

இன்று பள்ளிப் பிள்ளைகள் பலர் படிப்பது பைத்தான்தான். அவர்கள் முதல் வாரத்திலேயே சந்திக்கும் பிழைச் செய்தி 'இண்டென்டேஷன் எரர்'. கணினி எதற்கு இடத்தைப் பார்த்துக் கோபிக்கிறது என்று அழுகை வரும். ஆனால் பைத்தானில் மனிதக் கண்ணும் இயந்திரமும் ஒரே அடையாளத்தைப் பார்த்துப் படிக்கின்றன. ஆப்பிளில் நடந்தது போன்ற விபத்து அங்கே அதே வடிவில் நடக்க வழியில்லை. நெளி அடைப்புக்குறி வேண்டும் என்று பைத்தானிடம் கேட்பதற்கு ஒரு கட்டளைகூட உள்ளே ஒளிந்திருக்கிறது. அதைத் தட்டினால் 'வாய்ப்பே இல்லை' என்று பதில் வரும்.

அடுத்த சண்டை, அந்த இடத்தை எந்தப் பொத்தானால் விடுவது என்பது. தட்டச்சு இயந்திரத்தில் அட்டவணை அடிக்கும்போது பத்தி பத்தியாகத் தாவுவதற்காக வந்தது 'டேபுலேட்டர்' விசை. அதன் வாரிசுதான் கீபோர்டின் டேப். ஒரு டேப் என்பது கோப்பில் ஒரே ஒரு குறி. திரையில் அது எவ்வளவு அகலம் என்பதைப் பார்ப்பவரின் எடிட்டர் தீர்மானிக்கும். ஸ்பேஸ் அப்படியில்லை. நான்கு அடித்தால் உலகத்தின் எந்தத் திரையிலும் நான்குதான். பைத்தானின் எழுத்துநடைக் கையேடு நான்கு ஸ்பேஸ் என்கிறது. லினக்ஸ் கெர்னலுக்கு அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கையேடு ஒரு டேப், அதுவும் எட்டு எழுத்து அகலம் என்கிறது. எட்டு அகலம் என்றால் வரி சீக்கிரம் வலப்பக்க ஓரத்தைத் தொட்டுவிடுமே என்று கேட்பவர்களுக்கு அவருடைய பதில்: மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே போகிறீர்கள் என்றால் உங்கள் நிரல்தான் கோளாறு, முதலில் அதைத் திருத்துங்கள்.

இந்த வாதத்தில் அதிகம் கேட்கப்படாத ஒரு தரப்பு உண்டு. பார்வையற்ற புரோகிராமர்கள் பலர், ஊசிமுனைகள் எழும்பித் தாழும் பிரெய்ல் பட்டையை விரலால் தடவி நிரலைப் படிக்கிறார்கள். அதில் ஒரு நேரத்துக்கு 40 எழுத்து தெரிகிறது என்று வையுங்கள். மூன்று அடுக்கு உள்ளே இருக்கும் வரியை அடுக்குக்கு நான்கு ஸ்பேஸாகத் தள்ளியிருந்தால், 12 கட்டங்கள் வெறுமையாகக் கழிந்துவிடும். டேப் என்றால் அதன் அகலத்தை ஒன்றாகச் சுருக்கிக்கொள்ளலாம். மூன்று கட்டம்தான் செலவு. டேப்பா ஸ்பேஸா என்ற கேள்வியில் மற்ற வாதங்கள் எல்லாம் பழக்கத்தைப் பற்றியவை. கனமான வாதம் இது ஒன்றுதான்.

டேப்புக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். பெரிய நிரலின் எந்தப் பகுதி மாறியிருக்கிறது என்று பார்த்து அதை மட்டும் மறுபடி கம்பைல் செய்ய வைப்பது அதன் வேலை. மேக்கின் கோப்பில் கட்டளை வரிகள் எல்லாம் டேப்பில்தான் தொடங்க வேண்டும். எட்டு ஸ்பேஸ் அடித்தால் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், மேக் ஏற்காது. அது சரியான ஏற்பாடு அல்ல என்று ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று மாற்றாமல் விட்டுவிட்டார். அந்த ஒரு டஜன் பேருக்காக விட்ட டேப்பில் இன்றுவரை உலகெங்கும் புதிதாக மேக் கற்பவர்கள் தடுக்கி விழுகிறார்கள். மேக்குக்காக 2003-இல் அவருக்கு ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது, தகுதியான விருதுதான்.

2009-இல் கூகுள் வெளியிட்ட கோ மொழி சண்டைக்கே இடம் வைக்கவில்லை. மொழியோடு சேர்ந்தே 'கோஃபம்ட்' என்ற கருவி வந்தது. யார் எப்படி எழுதினாலும் அது ஒரே வடிவில் அடுக்கிக் கொடுத்துவிடும், டேப் போட்டு. அந்த வடிவம் எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வாதம் ஓய்ந்தது, அதுவே பெரிய நிம்மதி.

வரியின் இடப்பக்கத்துக்கு இவ்வளவு கதை என்றால், வலப்பக்க ஓரத்துக்கு இன்னும் பழைய கதை. ஒரு வரி 79 எழுத்தைத் தாண்டக்கூடாது என்கிறது பைத்தான் கையேடு. அகலத் திரைகள் வந்த பிறகும் ஏன் 79? முந்தைய தலைமுறை டெர்மினல் திரைகளில் ஒரு வரிக்கு 80 எழுத்து. டெர்மினலில் ஏன் 80? ஐபிஎம் நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள் இருந்தன. ஒரு அட்டை என்றால் ஒரு வரி நிரல்.

1957-இல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில் அந்த 80 பத்திகளையும் பங்கு போட்டிருந்தார்கள். முதல் ஐந்து பத்தி வரி எண்ணுக்கு. ஆறாவது, முந்தைய அட்டையின் தொடர்ச்சி என்று காட்ட. ஏழிலிருந்து 72 வரை நிரல். ஐபிஎம் 704 கணினியின் அட்டை வாசிப்பான் 72 பத்திகளை மட்டுமே படித்தது; அந்தக் கணினியின் ஒரு சொல் 36 பிட், இரண்டு சொல் சேர்ந்தால் 72. மிஞ்சிய எட்டுப் பத்தியில் அட்டையின் வரிசை எண்ணைத் துளையிட்டு வைத்தார்கள். ஆயிரம் அட்டைக் கட்டு கைதவறி விழுந்தால் மறுபடி அடுக்க அந்த எண்தான் கதி. எண் போடச் சோம்பல்பட்டவர்கள், கட்டின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு மார்க்கர் கோடு இழுத்துவிடுவார்கள். கோடு நேராக வருமாறு அடுக்கினால் நிரல் வரிசைக்கு வந்துவிடும். அந்தக் கோட்டை இழுத்த கைகளுக்கு இன்று வயதாகிவிட்டது, அவர்களுடைய 80 மட்டும் நிற்கிறது. லினக்ஸ் கெர்னலின் சோதனைக் கருவியே 2020-இல்தான் தன் வரம்பை 80-லிருந்து 100-க்கு உயர்த்தியது.

லூப் எழுதும்போது எண்ணும் மாறிக்கு 'ஐ' என்று பெயர் வைப்பதும் அந்தக் காலத்தோடு ஒட்டியது. கணிதத்தில் வரிசை எண்ணுக்கு ஐ, ஜே, கே என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. ஐ முதல் என் வரையிலான எழுத்தில் தொடங்கும் பெயர் என்றால் அது முழு எண் என்று ஃபோர்ட்ரான் அந்த வழக்கத்தை விதியாகவே ஆக்கியது.

அந்த 'ஐ' எங்கே தொடங்குகிறது? ஃபோர்ட்ரானில் 1. சி, ஜாவா, பைத்தான் எல்லாவற்றிலும் 0. பட்டியலின் முதல் பொருளுக்கு 0 என்று எண் கொடுப்பதைப் புதிதாகப் படிப்பவர்கள் விசித்திரமாகப் பார்ப்பார்கள். நம் ஊர் அடுக்குமாடிகளில் ஏறி இறங்குபவர்களுக்கு இது புதிதல்ல: தரைத்தளம், அதற்கு மேலேதான் முதல் தளம். எத்தனை மாடி ஏற வேண்டும் என்பதுதான் அங்கே எண். நினைவகத்திலும் அதே கணக்கு. பட்டியல் 1000-ஆவது முகவரியில் தொடங்குகிறது, ஒவ்வொரு பொருளும் நான்கு பைட் என்றால், முதல் பொருள் 1000-இல், இரண்டாவது 1004-இல், மூன்றாவது 1008-இல். தொடக்கத்திலிருந்து எத்தனை படி தள்ளி என்று கேட்டால் முதல் பொருளுக்கு விடை 0 தானே?

நெதர்லாந்தின் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1982 ஆகஸ்டில், தன் கைப்பட எழுதிய ஒரு சிறு குறிப்பில், இயந்திரத்தையே இழுக்காமல் இதற்கு வேறு நியாயம் சொன்னார். ஓர் எண் வரிசையைக் குறிக்கும்போது தொடக்க எண்ணைச் சேர்த்தும் முடிவு எண்ணைச் சேர்க்காமலும் எழுதினால், இரண்டின் வித்தியாசமே வரிசையின் நீளம். ஒரு வரிசை முடியும் எண்ணிலேயே அடுத்தது தொடங்கும். அப்படி எழுதும்போது பத்துப் பொருளுக்கு '0 முதல், 10-க்கு முன்வரை' என்பது '1 முதல், 11-க்கு முன்வரை' என்பதைவிட நேர்த்தி. தொடக்கத்தையும் முடிவையும் குழப்பிக்கொண்டால் எண்ணிக்கையில் ஒன்று கூடிவிடும் அல்லது குறைந்துவிடும்; அந்தத் தவறு எவ்வளவு எளிதாக வரும் என்பதற்கு வேலிக் கணக்கு போதும். 100 அடி நேர்வேலிக்கு 10 அடிக்கு ஒரு கல் நட வேண்டும், எத்தனை கல்? பத்து என்று சட்டென்று சொல்லிவிடுவோம். விடை 11.

புரோகிராமர்களுக்குப் பிடித்த எண்கள் மற்றவர்களுக்கு அரைகுறையாகத் தோன்றும். 2016-இல் வாட்ஸ்அப் குழுவின் உச்சவரம்பு 100-லிருந்து 256 ஆனபோது, இதென்ன கணக்கு என்று வியந்தவர்கள் உண்டு. எட்டு பிட்டில் எழுதக்கூடிய எண்கள் 0 முதல் 255 வரை, ஆக மொத்தம் 256. பின்னர் 2022-இல் அந்த வரம்பு 512 ஆகி, அதே ஆண்டில் 1024-ஐத் தொட்டது. ரஷ்யா 2009-இல் புரோகிராமர் தினத்தை அதிகாரபூர்வமாக அறிவித்தபோது ஆண்டின் 256-ஆவது நாளைத்தான் தேர்ந்தது; சாதாரண ஆண்டில் அது செப்டம்பர் 13. 1024-ஐ ஆயிரம் என்று வழங்கும் பழக்கம் மட்டும் கடைக்காரரிடம் வாதத்தைக் கொண்டுவந்தது. 1 டெராபைட் என்று வாங்கிய ஹார்டு டிஸ்க்கை விண்டோஸில் செருகினால் 931 ஜிபி என்று காட்டும். தயாரித்தவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. யாரும் திருடவில்லை.

கணினி இரண்டின் அடுக்கில்தான் எண்ண வேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவாகிவிடவில்லை. 1945-இல் கட்டி முடித்த எனியாக் கணினி பத்தின் அடுக்கில் கணக்கிட்டது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் பத்து நிலைகள். மின்னழுத்தத்தைப் பத்துப் படியாகப் பிரித்து அறிவதைவிட 'உண்டு', 'இல்லை' என்று இரண்டாகப் பிரிப்பது எளிது, கொஞ்சம் இரைச்சல் கலந்தாலும் தவறாது. அதனால் பைனரி வென்றது. 0, 1 இரண்டை மட்டும் வைத்துக் கூட்டிப் பெருக்கலாம் என்று ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் 1703-லேயே கட்டுரை வெளியிட்டிருந்தார்.

அந்தக் கணக்கு புரோகிராமர்களின் கைக்கு வந்த வடிவம்தான் விரல் பைனரி. அறிவியல் புனைகதை எழுத்தாளர் பிரெடரிக் போல் 1956-லேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் பெரியவர்கள் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுவார்கள். விரலுக்கு மூன்று, கைக்கு 12. அதுவே ஐந்தோடு நிற்கும் குழந்தைக் கணக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல். பைனரியில் ஒரு கை 31 வரை போகும்.

செய்து பார்க்கலாம். வலது உள்ளங்கையை உங்களை நோக்கித் திருப்பி, எல்லா விரல்களையும் மடக்கிக்கொள்ளுங்கள். இது 0. கட்டைவிரலின் மதிப்பு 1, ஆள்காட்டி விரல் 2, நடுவிரல் 4, மோதிர விரல் 8, சுண்டுவிரல் 16. நிமிர்ந்திருக்கும் விரல்களின் மதிப்பைக் கூட்டினால் எண் வந்துவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நிமிர்ந்தால் 3. சுண்டுவிரலோடு அவை இரண்டும் நிமிர்ந்தால் 19. ஒன்று கூட்ட ஒரே விதி: கட்டைவிரலிலிருந்து தொடங்குங்கள், நிமிர்ந்திருப்பவற்றை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வாருங்கள், முதலில் எதிர்ப்படும் மடங்கிய விரலை நிமிர்த்தி நிறுத்துங்கள். கூட்டலில் 'மிச்சம் ஒன்று' என்று அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோகிறோமே, அதுதான் இது, தசையில் உணரும்படியாக. 15-இல் சுண்டுவிரல் தவிர நான்கும் நிமிர்ந்திருக்கும். அடுத்து ஒன்றைக் கூட்டினால் நான்கும் மடங்கிச் சுண்டுவிரல் மட்டும் எழும்பும். கட்டைவிரல் நிமிர்ந்திருந்தால் ஒற்றைப்படை, மடங்கியிருந்தால் இரட்டைப்படை.

8 என்ற எண் வரும்போது கை அடம்பிடிக்கும். மோதிர விரலை நிமிர்த்தும் தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு புறங்கையில் இணைப்பு நார்களால் கட்டப்பட்டிருக்கிறது; அது தனியாக எழுவது கடினம். பழகியவர்கள் கையை மேசையில் வைத்து, விரலை நிமிர்த்துவதற்குப் பதில் நுனியை அழுத்துவார்கள். 4-இலும் ஒரு சிக்கல் உண்டு. நடுவிரலை மட்டும் காட்டுவது மேற்கத்திய நாடுகளில் வசை. அங்கே வேலை செய்பவர்கள் அந்த எண்ணை அலுவலகக் கூட்டத்தில் உயர்த்திக் காட்டாமல் இருப்பது நல்லது.

31-க்குப் பிறகு வலது கை முழுவதும் மடங்கி, இடது சுண்டுவிரல் நிமிரும்: 32. அடுத்து மோதிர விரல் 64, நடுவிரல் 128, ஆள்காட்டி விரல் 256, கட்டைவிரல் 512. பத்தும் நிமிர்ந்தால் 1023. விநாடிக்கு ஒன்றாக எண்ணுங்கள். மடக்கிய கையிலிருந்து விரித்த கைவரை எண்கள் 1024, இடையில் ஏற வேண்டிய படிகள் 1023. ஆகும் நேரம் 17 நிமிடம் 3 விநாடி.